அம்மாவுக்குப் போடப்போவது புகையிலை ஊசியா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

முட்டை ஒவ்வாமை, கை வீக்கம் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பயம் கடைசி வரியில் இருக்கிறது: "சுருட்டுப் பிடித்து நுரையீரல் புற்றுநோயில் அப்பாவை இழந்தோம். புகையிலையில் செய்த இன்புளுவென்சா ஊசியை 68 வயது அம்மாவுக்கு எப்படிப் போடுவது?"

அம்மாவுக்கு இங்கே கிடைப்பது கோழிமுட்டையில் வளர்த்து, செயலிழக்கச் செய்த வைரஸில் தயாரான ஊசி. அதில் எந்த இலையும் இல்லை.

வட்ஸ்அப்பில் வந்த வீடியோ சொல்வது கனடாவின் மெடிகாகோ நிறுவனத்தின் கதை. அவர்கள் வளர்த்தது புகையிலையின் உறவுச் செடி ஒன்று. வைரஸின் மேலோட்டுப் புரதத்துக்கான மரபணுவை ஒரு மண் பக்டீரியாவில் ஏற்றி, அந்தக் கரைசலில் செடிகளைத் தலைகீழாக அமிழ்த்தி இலைக்குள் இழுக்க வைப்பார்கள். சில நாட்களில் இலை அந்தப் புரதத்தைச் செய்து தரும். அதைப் பிரித்துச் சுத்திகரித்தால் வைரஸ் போலத் தோன்றும் வெறும் கூடு மிஞ்சும். பெருகுவதற்கான மரபணு அதற்குள் கிடையாது. முட்டையில் மாதக்கணக்கில் ஆகும் வேலை, செடியில் சில வாரங்களில் முடியும். உண்மையில் நல்ல முயற்சி அது. 20,000க்கு மேற்பட்டோர் பங்கெடுத்த பரிசோதனைகள் நடந்தும் அந்த இன்புளுவென்சா ஊசி சந்தைக்கு வரவில்லை. 2023இல் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

"உலக சுகாதார நிறுவனமே நிராகரித்தது" என்று நீங்கள் கேள்விப்பட்டது அதே நிறுவனத்தின் கொவிட் ஊசியைப் பற்றியது. ஒரு சிகரெட் கம்பெனிக்கு அதில் பங்கு இருந்ததுதான் காரணம். அப்பாவின் நோய்க்குக் காரணம் இலையைக் கொளுத்தி வருடக்கணக்கில் உள்ளிழுத்த புகை. சுத்திகரித்த புரதத்தில் அந்தப் புகை எங்கிருந்து வரும்?

முட்டை சாப்பிட்டு உடம்பு தடித்தவர்களுக்கும் இங்கே கிடைக்கும் முட்டையில் வளர்த்த ஊசியைப் போடலாம், போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். கை வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிடும்.

என்னைக் கவலைப்படுத்தியது வேறு. போன மாதக் காய்ச்சலுக்கு, மகனுக்கு வாங்கி மிஞ்சிய அண்டிபயோடிக்கை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. டெங்கு இருக்கும் கொழும்பில் பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

நீரிழிவும் முட்டும் (ஆஸ்துமா) உள்ள அம்மாவுக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய்ச்சல் விட்டு, இரண்டொரு நாள் தேறியிருந்து, மறுபடி காய்ந்து மூச்சு வாங்கினால் அது நியுமோனியாவாக இருக்கலாம். அவர் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 25ஐத் தொட்டாலோ, கேட்டதற்குத் தடுமாறிப் பதில் சொன்னாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மல்லித்தண்ணியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.