முதல் செமஸ்டரிலேயே எல்லா சயின்ஸும் வேண்டாம்

"மகள் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் காலேஜ் சேர்கிறாள், ப்ரீ-மெட் (பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போகத் தயாராகும் படிப்பு). வேதியியல், உயிரியல், இயற்பியல், கால்குலஸ் நான்கையும் முதல் செமஸ்டரிலேயே எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன், மொத்தம் 18 கிரெடிட் (கிரெடிட் என்பது பாடத்தின் எடை, பெரும்பாலும் வாரத்தில் வகுப்பு நடக்கும் மணி நேரம்). "ஊர்ல பிளஸ் டூவுல நாலையும் ஒண்ணாத்தானே படிச்சோம்" என்றார் அப்பா. எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் அங்கே கடைசியில் எழுதும் பொதுத்தேர்வுதான் கணக்கு, அதற்குள் தேறிக்கொள்ளலாம். இங்கே ஐந்தாவது வாரமே மிட்டர்ம் (இடைப்பருவத் தேர்வு) வந்துவிடும், அதிலிருந்தே எல்லாம் கணக்கில் ஏறும்.

லேபைத்தான் யாரும் சரியாக எடைபோடுவதில்லை. பேப்பரில் 1 கிரெடிட் என்றிருக்கும். எனக்கு வியாழன் மதியம் 3 மணி நேரம் அதில் போகும், ரிப்போர்ட் எழுத இன்னொரு ராத்திரி. ஒருநாள் டைட்ரேஷனில், அடுத்த வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் ப்யூரெட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன். லேசான ரோஸில் நிற்க வேண்டியது பஞ்சுமிட்டாய்க் கலருக்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. அந்த வகுப்புக்கும் போகவில்லை.

வேதியியலில் சி வாங்கினேன். திரும்ப எடுத்தாலும் மருத்துவக் கல்லூரிக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில் இரண்டு கிரேடும் சேர்ந்தே வரும். போதாததற்கு சயின்ஸுக்கும் கணக்குக்கும் மட்டும் தனியாக ஒரு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) போடுவார்கள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்: பொது வேதியியல் லேபோடு, கால்குலஸ் அல்லது புள்ளியியல், ஆங்கில எழுத்து வகுப்பு, அறிமுக உளவியல். 14 கிரெடிட் பக்கம் வரும். வேதியியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது முடிந்தால்தான் ஆர்கானிக் வேதியியல், அதற்குப் பிறகுதான் உயிர்வேதியியல். உளவியல் சும்மா நிரப்புவதற்கு இல்லை. 2015 முதல் மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் நுழைவுத் தேர்வில் நான்கில் ஒரு பகுதி உளவியலும் சமூகவியலும்தான். இயற்பியல் மூன்றாம் வருஷம் வரைகூடக் காத்திருக்கும். உயிரியலே மேஜர் (முதன்மைப் பாடம்) என்றால் முதல் செமஸ்டரில் அதையும் எடுக்கச் சொல்வார்கள். அப்போது கணக்கைத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம், ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) வேதியியலில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தாலும் நேராக ஆர்கானிக்குக் குதிக்க வேண்டாம். ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் உண்டு.

சேர்ந்தபின் திணறினால் முதல் ஓரிரு வாரத்துக்குள் ஒரு பாடத்தை விட்டால் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (பாடத்தை விட்டதற்கான குறி) விழும். விழட்டும், ஒரு டபிள்யூவை விளக்கிவிடலாம். சி-யோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவி என்ற கணக்கு போய்விடும், உதவித்தொகையும் மாட்டிக்கொள்ளலாம். விடுவதற்கு முன் அட்வைசரை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.