ராமோஜி ஃபிலிம் சிட்டியை ஒரே நாளில் கைடு பஸ்ஸில் பார்த்து முடிக்க முடியுமா?

கேள்வி இது: "சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஹைதராபாத் போகிறோம். ராமோஜிக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். வயதானவர்களும் ஒரு சிறுவனும் கூட வருகிறார்கள். கைடு டூர் போதுமா? எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது?"

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கின்னஸ் கணக்குப்படி 1,666 ஏக்கர். உலகின் மிகப் பெரிய ஸ்டூடியோ வளாகம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் படம் எப்படி எடுக்கிறார்கள், செட் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு நாள் தாராளமாகப் போதும். பலருக்கும் நாள் வீணாவது ஒரே காரணத்தால்தான். எந்த ஊர் தீம் பார்க்கிலும் இருக்கும் ராட்டினங்களில் காலையைக் கழித்துவிட்டு, நிழலே இல்லாத செட்டுகளுக்கு உச்சி வெயிலில் போய் நிற்கிறார்கள். வரிசையை அப்படியே மாற்றிப் போடுங்கள். காலையில் பஸ் டூரும் செட்டுகளும், மதியம் கூரைக்குள் நடக்கும் ஷோக்கள், மிச்ச நேரம் இருந்தால் ராட்டினம்.

முதலில் போய்ச் சேரும் வழி. ஃபிலிம் சிட்டி ஹைதராபாத்துக்குக் கிழக்கே, விஜயவாடா நெடுஞ்சாலையில், நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஹைதராபாத்தின் நாம்பள்ளி நிலையத்தில் இறங்குபவர்களுக்கு மெட்ரோ வசதி. நாம்பள்ளியும் எல்.பி. நகரும் ஒரே சிவப்புத் தடத்தில் இருப்பதால் வண்டி மாற வேண்டாம். எல்.பி. நகர்தான் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். அங்கிருந்து ஹயாத்நகர் வழியாகப் போகும் பஸ், ஆட்டோ, டாக்ஸி மூன்றும் கிடைக்கும். ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்கள் நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையைப் பிடித்து பெத்த அம்பர்பேட்டில் விஜயவாடா நெடுஞ்சாலைக்கு இறங்கிவிட வேண்டும். டிரைவர் நகருக்குள் விட்டால் நெரிசலிலேயே காலை போய்விடும்.

ரயிலில் இறங்கிய அன்றே நேராக அங்கே போகும் திட்டம் வேண்டாம். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானாலும் பஸ் டூரின் குளிர்ந்த பாதி கையைவிட்டுப் போகும். முதல் நாள் சார்மினார், சாலார்ஜங் அருங்காட்சியகம் என்று நகரைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் ராமோஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாள் மாலை சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பவும் நினைக்காதீர்கள். அது நாம்பள்ளியில் மாலையிலேயே கிளம்பிவிடும். பெரிய பெட்டிகளை லாட்ஜிலேயே விட்டுவிடுங்கள். ரயில்வே கிளாக் ரூமில் வைப்பதானால் பெட்டிக்குப் பூட்டு அவசியம்; பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள்.

டிக்கெட் விலை சீசனுக்குச் சீசன் மாறுகிறது. முந்தைய நாளே அவர்களின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே வாங்கிவிடுங்கள். சாதாரண ஒரு நாள் டிக்கெட்டிலேயே சிவப்பு நிற பழங்காலப் பாணி பஸ்ஸில் ஸ்டூடியோ டூர் அடங்கும். அதற்கு மேலே ஏ.சி. பஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்த விலை கூடிய டிக்கெட்டுகளும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சாதாரண டிக்கெட் போதும். ஏப்ரல், மே மாதங்களில் வயதானவர்களை அழைத்துப் போனால் ஏ.சி. டிக்கெட்டுக்கு யோசிக்காமல் பணம் கொடுங்கள். தக்காணத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பக்கவாட்டில் திறந்த பஸ்ஸில் அனல் காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

கதவு திறப்பது காலை 9 மணிக்கு. 8:45க்குள் டிக்கெட் கவுன்டர் பக்கம் இருங்கள். கவுன்டர் இருக்கும் இடம் சாலையோரம். ஃபிலிம் சிட்டியோ உள்ளே சில கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து அவர்கள் பஸ்ஸிலேயே 'யுரேகா' என்ற நுழைவிடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பும்போதும் இதே கதைதான் என்பதால் வெளியே வருவதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். வாடகைக் காரை வரச் சொல்லும் நேரத்தையும் அதற்கேற்பச் சொல்லிவையுங்கள்.

யுரேகாவில் இறங்கியதும் எல்லாரும் அங்கேயே போட்டோ எடுக்க நின்றுவிடுவார்கள். நீங்கள் இரண்டே வேலை செய்யுங்கள். அன்றைய ஷோ நேரப் பட்டியலைக் கையில் வாங்குங்கள் அல்லது போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்; பிறகு நேரே பஸ் வரிசைக்குப் போங்கள். அந்த இடத்துக்கு மாலையில் எப்படியும் திரும்பி வருவீர்கள். போட்டோவை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

'கைடு டூர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. காலை முதல் மாலை வரை ஒரே கைடு கூடவே வருவார் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பஸ்ஸில் ஒரு கைடு மைக் பிடித்து இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் கலந்து விளக்குவார். இறங்க வேண்டிய இடத்தில் உங்களை இறக்கிவிட்டு அந்த பஸ் போய்விடும். பார்த்து முடித்து, அடுத்து வரும் பஸ்ஸில் நீங்கள் ஏற வேண்டும். அதில் வேறு கைடு. அதனால் சீட்டில் தண்ணீர் பாட்டில், குடை, பை எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள். கூட்டத்தில் குடும்பம் இரண்டு பஸ்ஸாகப் பிரிந்தாலும் பதற வேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் போதும். பஸ்ஸின் படி உயரமானது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாள் முழுக்கப் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பஸ் டூருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தோட்டங்களையும் லண்டன் பாணித் தெரு, பிரின்சஸ் ஸ்ட்ரீட் போன்றவற்றையும் பெரும்பாலும் ஓடும் வண்டியிலிருந்தே பார்ப்பீர்கள். புராணத் தொடருக்காகப் போட்ட பாகவதம் செட், கிருபாலு குகை, பாகுபலி செட் ஆகியவற்றில் இறங்கி நடக்கலாம். பறவைப் பூங்காவும் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் பையனுக்குப் பிடிக்கும். வெயில் ஏறிவிட்டால் பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும் என்பதால் அதையும் மதியத்துக்கு முன்பே முடிப்பது நல்லது.

இனி, செட்டை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். இதைத் தெரியாமல் போனால் 'ஏதோ பொம்மைக் கட்டிடம்' என்ற ஏமாற்றத்தோடு திரும்ப நேரிடும். தெரிந்து போனால் ஒவ்வொரு சுவரும் பேசும்.

செட்டில் கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டுமே செலவு செய்வார்கள். முன்பக்கம் கல் கோட்டையாக நிற்பது, பக்கவாட்டில் நாலடி நகர்ந்து பார்த்தால் பிளைவுட்டும் இரும்புச் சாரமுமாக இருக்கும். கல் போலத் தெரிகிற வேலைப்பாடு பெரும்பாலும் அச்சில் வார்த்த ஃபைபர் அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், உள்ளீடற்ற ஓசை வரும். தூண்களில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், அது இரண்டு அச்சுப் பாதிகளை ஒட்டிய இடம். பழைய சுவரின் கறையும் பாசியும்கூடப் பெயின்டர் கையால் வந்தவை. புதுச் சுவர் கேமராவில் தட்டையாகத் தெரியும். மூலைகளிலும் தண்ணீர் வடியும் தடத்திலும் கறுப்பு ஏற்றினால்தான் ஆழம் கிடைக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர்கள் மறைக்கிற அழுக்கை இவர்கள் பொறுமையாக வரைந்து வைக்கிறார்கள். அந்தக் கைவேலையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

தெரு செட்டுகளின் கடைசி முனையைக் கவனியுங்கள். நேராக ஓடி வெட்டவெளியில் முடியாது. வளைந்து திரும்பும், அல்லது குறுக்கே ஒரு கட்டிடம் வந்து பார்வையை அடைக்கும். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் குன்றும் மின்கம்பமும் தெரியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரே கட்டிடத்துக்குப் பக்கத்துக்கொரு முகம் கொடுப்பது இன்னொரு உத்தி. ஒரு பக்கம் விமான நிலையமாகத் தெரியும் கட்டிடம் வேறு பக்கம் மருத்துவமனையாக இருப்பதைக் கைடு காட்டுவார். ரயில் நிலைய செட்டில் ஊர்ப் பலகையை மாற்றினால் ஊரே மாறிவிடும்.

தமிழ்ப் படக் குழுக்கள் இவ்வளவு தூரம் ஏன் வருகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை. 2023 ஜனவரியில் வெளிவந்த 'துணிவு' படத்துக்காகச் சென்னை அண்ணா சாலையின் ஒரு பகுதியை ராமோஜியில் செட்டாகப் போட்டார்கள். நிஜ அண்ணா சாலையை வாரக்கணக்கில் மூடித்தர யாராலும் முடியாது. செட்டில் போக்குவரத்து, வேடிக்கை பார்க்கும் கூட்டம், வெளிச்சம் எல்லாம் குழுவின் கையில் இருக்கும். ஃப்ளோர் (கூரையுள்ள படப்பிடிப்பு அரங்கம்), லேப் (பிலிம் கழுவும் கூடம்), தங்குமிடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது கூடுதல் வசதி. ஸ்கிரிப்ட்டோடு உள்ளே வந்து முடிந்த படத்தோடு வெளியே போகலாம் என்ற எண்ணத்தில்தான் ராமோஜி ராவ் 1996இல் இதைத் தொடங்கினார்.

பாகுபலி செட்டுக்குப் போகும்போது படத்தில் வரும் மகிழ்மதி நகரம் முழுதாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். சாபு சிரிலின் கலை இயக்கத்தில் உருவானவற்றில் அரண்மனை முகப்பு, சிலைகள், தேர் போன்ற பகுதிகளே உண்டு. நடிகர்கள் நடமாடும் உயரம் வரை கட்டிவிட்டு, அதற்கு மேல் கோபுரங்களையும் தொலைவில் தெரியும் நகரையும் கணினி வரைகலையில் சேர்ப்பதுதான் இத்தகைய படங்களின் முறை. சுவர் எந்த உயரத்தில் சட்டென்று முடிகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் படத்தில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்துங்கள். பையனுக்கு இது நல்ல விளையாட்டு. படத்தில் வரும் அருவியை அங்கே தேட வேண்டாம். அதற்கான படப்பிடிப்பு கேரளத்தின் அதிரப்பள்ளியில் நடந்து, வரைகலையில் பிரம்மாண்டமானது. வெளியில் நிற்கும் செட் என்பதால் சில இடங்களில் சாயம் உரிந்திருக்கலாம். சில மாதப் படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும் என்று கட்டப்படுபவை இவை.

போட்டோ எடுக்கவும் காலை நேரமே சிறந்தது. சாய்ந்த வெயிலில்தான் செதுக்கு வேலையின் நிழல் விழும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் தட்டையாகிவிடும். போன் கேமரா போதும். டிரோன் எடுத்து வராதீர்கள்.

பன்னிரண்டேகாலுக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் எல்லா உணவகங்களிலும் வரிசை நீளும்.

சாப்பிட்டதும் 'மூவி மேஜிக்'. கூரைக்குள் நடப்பதால் வெயில் நேரத்துக்குப் பொருத்தம். என் கணிப்பில், கட்டாயம் பார்க்க வேண்டியதும் இதுவே. கூட்டத்திலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவரைக் குதிரை வண்டியில் உட்காரவைத்து, 'ஷோலே' என்ற இந்திப் படத்துக் குதிரை வண்டிக் காட்சிபோல நடிக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். வண்டி நகராது, அசைக்கப்படும், அவ்வளவுதான். அடுத்த அறையில் வேறு சிலர் அந்தக் காட்சிக்கான ஓசைகளை எழுப்புவார்கள். கடைசி அறையில் பின்னணி, ஓசை, நடிப்பு மூன்றும் சேர்ந்து முழுக் காட்சியாகத் திரையில் வரும். ஷூட்டிங், சவுண்ட் எஃபெக்ட்ஸ், எடிட்டிங் என்று மூன்று துறைகளையும் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியவைக்கும் முறை இது. உங்கள் வீட்டில் யாராவது தேர்வாக வேண்டுமென்றால் முன்வரிசையில் நின்று கூச்சப்படாமல் கை தூக்கச் சொல்லுங்கள். ஓசை எழுப்பும் பகுதியில் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். குளம்படிக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவது இந்தத் தொழிலில் மிகப் பழைய வழக்கம். காதுக்கு நிஜக் குதிரையாகவே கேட்கும்.

அதை ஒட்டியே 'ஃபில்மி துனியா' என்ற சிறு வண்டிப் பயணம் இருக்கிறது. பையனுக்காகப் போகலாம். பெரியவர்கள் அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம்.

மூன்றரை மணிக்கு மேல் 'வைல்ட் வெஸ்ட்' சண்டைக் காட்சி ஷோ. துப்பாக்கி, வெடிச் சத்தம் பலமாக இருக்கும். இதய நோயாளிகளையும் கைக்குழந்தையையும் பின்வரிசையில், வெளியேறும் வழியருகே உட்காரவையுங்கள். ஷோ தொடங்கக் கால் மணி நேரத்துக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். நடன ஷோவுக்கும் இதற்கும் நேரம் மோதினால் இதையே தேர்ந்தெடுங்கள். ஸ்டன்ட் கலைஞர்கள் விழும் இடத்தில் என்ன விரித்திருக்கிறார்கள், அடி படாமல் அடி விழுந்ததாகக் காட்ட உடம்பை எந்தக் கோணத்தில் திருப்புகிறார்கள் என்று நேரில் பார்க்க நமக்கு வேறு வாய்ப்பு அரிது.

நடிகர்களைப் பார்க்கலாம், ஷூட்டிங் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பி வராதீர்கள். படப்பிடிப்பு நடக்கும் பகுதியைச் சுற்றுலாப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அன்று ஒரு செட் மூடியிருந்தால் பஸ் வேறு வழியில் போகும். குறிப்பிட்ட ஒரு செட்டுக்காகவே வருவதானால், டிக்கெட் வாங்கும்போதே அது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். யுரேகாவுக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

சனி, ஞாயிறு, தசரா, சங்கராந்தி விடுமுறைகளில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் காத்திருப்பு கூடும்; ஒரு நாளில் மேலே சொன்னதில் பாதிதான் முடியும். செவ்வாய், புதன் கிழமைகளில் போக முடிந்தால் போங்கள். அப்படியும் நேரம் போதவில்லை என்றால் முதலில் ராட்டினங்களையும், அடுத்துத் தோட்டங்களையும் விட்டுவிடுங்கள். பாகவதம் செட்டையும் மூவி மேஜிக்கையும் மட்டும் விடாதீர்கள்.