லண்டன் என்று பொறித்திருந்தால் லண்டன் வாட்சா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். பழைய பாக்கெட் வாட்ச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மூன்று மாதத்துக்கு முன் ஆன்லைனில் ஒருவரிடம் 6,800 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். "1760 வாக்கில் லண்டனில் செய்தது, எல்லாம் ஒரிஜினல்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். போன வாரம் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து டூப்ளிகேட்" என்கிறார். விற்றவரோ, "பழசுதானே? திருப்பி எடுக்கமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். (எனக்கும் இந்தக் கிறுக்கு கொஞ்சம் உண்டு.) டயலில் நிமிடக் கோடு வட்டமாக ஓடாமல், ஒவ்வொரு மணிக்கும் ஒரு வளைவாக வளைந்து போகிறது. உள்ளே, ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தை மூடும் பூவேலைத் தகடு இரண்டு பக்கமும் திருகப்பட்டிருக்கிறது. லண்டன்காரர்கள் அதை ஒரு பக்கம்தான் திருகுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் வாட்சுக்கு இருந்த மவுசைப் பார்த்து, ஐரோப்பாவின் மற்ற ஊர்களில் செய்ததில் லண்டன் என்று பொறித்து விற்றார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'டச்சு ஃபோர்ஜரி' (டச்சுப் போலி) என்பார்கள். ஆக, விற்றவர் சொல்வதும் பொய்யில்லை, பொருள் பழசுதான்.

ஆனால் உங்கள் வழக்கு வயதைப் பற்றியது அல்ல, 'லண்டன்' என்ற சொல்லைப் பற்றியது. சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 13, வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைப்படி இருக்க வேண்டும் என்கிறது. இது கடைக்காரருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து விற்பவருக்கும் பொருந்தும். குறையுள்ள பொருளுக்கான 'லெமன் லா' வியாபாரிகளுக்குத்தான், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் அந்த வர்ணனையை நம்பித்தான் வாங்கினீர்களா? இங்கிலாந்தில் ஒரு வழக்கு: ஓவியர் மூன்டர் வரைந்ததாகச் சொல்லப்பட்ட படம் 6,000 பவுனுக்குக் கைமாறியது, பிறகு போலி என்று தெரிந்தது. விற்றவர் தனக்கு அந்த ஓவியரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வாங்கியவர் அந்தத் துறை வியாபாரி. அவர் தன் கண்ணை நம்பி வாங்கினார் என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். உங்களுக்கு விற்றவரும், "கலெக்டர்தானே, தெரியாதா?" என்று உங்களை மடக்கப் பார்ப்பார். அதனால், வாங்குவதற்கு முன் "லண்டன்தானே?" என்று நீங்கள் கேட்டதும் அவர் "ஆமாம்" என்றதுமான மெசேஜ்கள் இருந்தால் அவைதான் உங்கள் ஆயுதம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விளம்பரத்தையும் சேர்த்து, அவர் அழிப்பதற்குள்.

'நோ ரிட்டர்ன்' என்று எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள். அந்த நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

போக வேண்டிய இடம் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைபியூனல், சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே பதியலாம். வக்கீல் வர முடியாது, அதாவது எனக்கு வேலையில்லை. முதலில் சமரசத்துக்குத்தான் உட்காரவைப்பார்கள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்துவிடாமல் தயாராகப் போங்கள்.

அதற்கு முன், வாட்சைத் திருப்பித் தருகிறேன், பணத்தைத் தாருங்கள் என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள். தாமதித்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், அப்புறம் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். பழுது பார்ப்பவரிடம் காரணங்களை எழுதி வாங்குங்கள். ஆனால் எண்ணெய் போடவோ பாலிஷ் செய்யவோ விடாதீர்கள், வந்த நிலையிலேயே இருக்கட்டும்.