சார்ஜ் செய்யும் மவுஸ்: வாசகர்களின் அனுபவமும் ஐயமும்

கேள்வி: பாபநாசம் அருகே பொதுச் சேவை மையம் நடத்துகிறேன். பத்து மாதங்களுக்கு முன் இணையக் கடையில் ஒரே மாதிரியான இரண்டு சார்ஜ் செய்யும் வயர்லெஸ் மவுஸ்களை, ஒன்று 700 ரூபாய் என்று வாங்கினேன். தொடக்கத்தில் ஒருமுறை சார்ஜ் செய்தால் பத்து நாளைக்கு மேல் வந்தது. இப்போது அவற்றுள் ஒன்று ஒரு பொழுது கூடத் தாங்குவதில்லை. சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்காக விவசாயிகள் வரிசையில் நிற்கும்போதே அணைந்துவிட்டது. கேபிளைச் செருகிய பிறகும் சில நிமிடங்கள் அசையவில்லை. இரவுதோறும் கைப்பேசியின் வேக சார்ஜரில் போட்டு வைத்ததுதான் காரணமா? பேட்டரியை மாற்ற முடியுமா? இனி எதை வாங்கலாம்?

பதில்: வேக சார்ஜர்மீது பழி போட வேண்டியதில்லை. எதிரே உள்ள கருவி கேட்டால்தான் அது 5 வோல்ட்டுக்கு மேல் தரும். மவுஸ் அப்படிக் கேட்பதில்லை. அதனுள் இருக்கும் சார்ஜ் சில்லு தனக்கு வேண்டிய சொற்ப மின்னோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கணினியின் யூஎஸ்பி போர்ட்டே இதற்குப் போதும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்கூட 500 மில்லி ஆம்பியர் தரும்.

தளர்ந்திருப்பது பேட்டரிதான். ஆனால் அது உழைத்துத் தேய்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். இவ்வகை மவுஸ்களில் பெரும்பாலும் 300 முதல் 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறிய லித்தியம் செல் இருக்கும். ஓடும்போது மவுஸ் 5 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 500 கொள்ளளவுள்ள செல் 100 மணி நேரம் வரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் பயன்படுத்தும் வீட்டுக்காரருக்கு அது ஏழு வாரம். காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை ஓட்டும் உங்களுக்குப் பத்து நாள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கைப் பார்க்கும்போது, அது நாளுக்கு எத்தனை மணி நேரப் பயன்பாட்டுக்கு என்று கேட்காமல் நம்பக் கூடாது என்பதும் இதனால் விளங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு நாற்பது முழுச் சார்ஜுக்கும் குறைவு. இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் மொத்தக் கணக்கு அவ்வளவுதான். லித்தியம் செல்லோ சில நூறு முறை தாங்கக்கூடியது. எனவே செல் கெடுவதற்கு வேறு காரணங்களையே பார்க்க வேண்டும்: எப்போதும் முழுச் சார்ஜிலேயே கிடப்பது, கோடையில் ஷட்டர் மூடிய அறையின் வெப்பத்தில் கிடப்பது, முற்றிலும் வற்றிய நிலையில் நாள்கணக்கில் கிடப்பது, அல்லது செல்லே தரம் குறைந்ததாக இருப்பது. ஒரே மேசையில், ஒரே சார்ஜரில் இருந்த இரண்டில் ஒன்று மட்டும் பழுதானதால், செல்லின் தரத்தையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். உத்தரவாதம் ஓராண்டு என்றால் இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன, உடனே கேளுங்கள். சில உத்தரவாத அட்டைகள் பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும், அதையும் படித்துவிடுங்கள். அதற்கு முன் வேறொரு கேபிளில் போட்டுப் பாருங்கள். போர்ட்டில் தூசி அடைந்திருந்தால் மரக்குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள்.

கேபிளைச் செருகியும் சில நிமிடங்கள் அசையாதது பழுதன்று. முழுவதும் வற்றிய செல்லின் மின்னழுத்தம் ஓரளவு ஏறிய பிறகே பல மவுஸ்கள் விழித்துக்கொள்ளும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம். பிறகும் சார்ஜ் ஏறும்போது வேலை செய்யவில்லை என்றால், அது வடிவமைப்பின் குறை. கடையில் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். போர்ட் முன்பக்கத்தில் இருந்தால் கேபிளோடு வேலையைத் தொடரலாம். அடிப்பக்கத்தில் இருந்தால் மவுஸைக் கவிழ்த்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். 2015-இல் வந்த ஆப்பிளின் மேஜிக் மவுஸ் 2-இல் போர்ட் அடியில்தான் இருந்தது; 2024-இல் டைப்-சி-க்கு மாற்றியபோதும் அங்கேயே விட்டார்கள். விலை கூடிய பொருள் என்பதற்காக இதில் கவனக்குறைவாக இருந்துவிடக் கூடாது.

உத்தரவாதம் கிடைக்காவிட்டால் பேட்டரியை மாற்றலாம். திருகுகள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பட்டைகளுக்குக் கீழே இருக்கும். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இந்த வேலை தெரியும். 3.7 வோல்ட், அதே அளவு, பாதுகாப்புச் சுற்று உள்ள செல், நேர் எதிர் முனைகள் மாறாமை ஆகியவற்றை நீங்களும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய செல் உப்பியிருந்தால் நெம்பவோ குத்தவோ விடாதீர்கள், தீப்பிடிக்கும். அதை வீட்டுக் குப்பையோடு போடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன.

இனி எதை வாங்குவது? மக்கள் காத்திருக்கும் மேசைக்கு, ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடும் சாதாரண வயர்லெஸ் மவுஸையே நான் பரிந்துரைப்பேன். தீர்ந்தால் அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய பென்சில் செல்களை இரண்டாக வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் குப்பையும் குறையும். வயர் உள்ள மவுஸ் ஒன்றும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் சார்ஜ் மவுஸ் பயன்படாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் இருட்டில் இருந்த வட்டாரங்களில் அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் மடிக்கணினியிலிருந்து மவுஸுக்கு ஏற்றுவது பெரிய இழப்பன்று: மவுஸின் செல்லில் 2 வாட்-மணிக்கும் குறைவு, மடிக்கணினியின் பேட்டரியில் பொதுவாக 40 வாட்-மணி அல்லது அதற்கு மேல்.

கேள்வி: கும்பகோணத்தில் திருமணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். வெளி ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும்போதெல்லாம் மவுஸ் அம்பு தடுமாறித் தாவுகிறது. முழுச் சார்ஜ் இருந்தும் இப்படித்தான். மவுஸை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மவுஸும் அதன் சிறிய ரிசீவரும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசையிலும் பரவுகிறது. இதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையாகவே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்கும் ரிசீவரும் அடுத்தடுத்த போர்ட்டுகளில் இருந்தால் மவுஸின் மெல்லிய சமிக்ஞை அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும். ஒரு சிறிய யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளை வாங்கி, ரிசீவரை மேசைமேல் மவுஸுக்கு அருகே கொண்டு வாருங்கள்; நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் 3.0 போர்ட் என்பதால், ரிசீவருக்குக் கறுப்பு நிற போர்ட்டைப் பயன்படுத்துங்கள். நகலெடுக்காத நேரத்திலும் அம்பு தாவினால், மேசையில் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களைப் படம்பிடித்தே ஒளி உணரி நகர்வை அறிகிறது. கண்ணாடியிலும் பளபளக்கும் கிரானைட்டிலும் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. நீங்கள் அச்சிடும் கெட்டி அட்டையில் ஒன்றை விரித்தாலே போதும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் வசிக்கிறேன். ஒருமுறை அழுத்தினால் மவுஸ் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. பேட்டரியை மாற்றினால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு, அதற்குப் பணம் செலவிட வேண்டாம். பொத்தானுக்குக் கீழே உள்ள நுண் சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்தாலோ, அதில் ஆக்சைடு படிந்தாலோ, தொடுகை ஒரு கணம் விட்டு விட்டுப் பிடிக்கும்; கணினி அதை இரண்டு அழுத்தங்களாக எண்ணும். கடலோர உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் உலோகத் தொடுகைகளுக்கு நல்லவை அல்ல. வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள், அங்கும் அப்படியே என்றால் சுவிட்ச்தான். உத்தரவாதம் முடிந்திருந்தால் சுவிட்சை மட்டும் பற்றவைத்து மாற்றலாம். எண்ணெய் விடாதீர்கள்.

கேள்வி: மன்னார்குடியில் கல்லூரி மாணவி. டைப்-சி சார்ஜ் என்று விளம்பரத்தில் பார்த்து மவுஸ் வாங்கினேன். கைப்பேசிக்கு வந்த இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவே இல்லை. பெட்டியில் வந்த கேபிளில் ஏறுகிறது. எந்த டைப்-சி சார்ஜரிலும் ஏறும் என்றுதான் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். திருப்பித் தரக் கேட்டால், பொருளில் குறையில்லை என்று விற்பவர் மறுக்கிறார்.

பதில்: நீங்கள் கவனித்தது சரியானது. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருப்பதைச் சார்ஜர் உணர்ந்த பின்னரே மின்சாரம் வரும். அந்த அடையாளத்தைத் தருபவை கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள். செலவைக் குறைக்கச் சில தயாரிப்பாளர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் வந்த, ஒருபுறம் பழைய பெரிய முனை உள்ள கேபிளில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருப்பதால் அதில் மட்டும் ஏறுகிறது.

வெறுமனே டைப்-சி என்று மட்டும் போட்டிருந்தால் வழக்கு சற்று மெலிந்திருக்கும். எந்தச் சார்ஜரிலும் ஏறும் என்று எழுதியிருப்பதால் உங்கள் நிலை வலுவானது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடமளிக்கிறது. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. விற்பனைப் பக்கத்தின் வாசகத்தை எந்த நேரமும் மாற்றிவிடுவார்கள் என்பதால், அந்தப் பக்கத்தையும் பில்லையும் விற்பவரின் மறுப்பையும் இன்றே ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.