ஆயாவின் சீப்பு தந்தமா, பிளாஸ்டிக்கா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆயா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். தந்தச் சீப்பு என்று அவர் பெருமையாகச் சொல்லும் சீப்பு மஞ்சளித்து, பிசுபிசுத்து, நெடியடிக்கிறது. பக்கத்தில் இருந்த பித்தளைக் குங்குமச் சிமிழ் பச்சை பூத்திருக்கிறது. வெண்ணெய் நிற வளையல் இரண்டும் தாத்தாவின் பழுப்பு ரேடியோவும் இருக்கின்றன. ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் எது என்னவென்று தெரிந்துவிடும் என்கிறான் தம்பி. செய்து பார்க்கலாமா?"

கூடாது. முதலில் தம்பியிடமிருந்து ஊசியை வாங்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அந்தச் சீப்பு செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். சூடான ஊசி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

தந்தம் பிசுபிசுக்காது, பக்கத்துப் பித்தளையையும் அரிக்காது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் சீப்பின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைபோல் ஓடும். தந்தம்போல் செய்த செல்லுலாய்டில் நேரான கோடுகள் வரிசையாக இருக்கும்.

ஆயா ஏமாந்தார் என்று நினைக்காதீர்கள். தந்தத்துக்கு மாற்றாகவே பிறந்த பொருள் அது. 19ஆம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் சீப்புக்கும் பியானோ கட்டைக்கும் ஏகப்பட்ட தந்தம் தேவைப்பட்டது. நம் நேட்டால் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறியது. பர்மிங்காம்காரரான அலெக்ஸாண்டர் பார்க்ஸ் 1862 லண்டன் கண்காட்சியில் 'பார்க்ஸின்' என்ற பொருளை வைத்தார். ஆனால் அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுப் பொருள் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட், நைட்ரேட் ஏற்றிய பருத்தி இழையோடு கற்பூரத்தைச் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்து, 1870இல் காப்புரிமை பெற்றார். அதுதான் செல்லுலாய்டு. நல்ல நிலையில் உள்ள பழைய சீப்பைக் கையால் தேய்த்தால் பூஜையறை வாசம் வருவது அதனால்தான். ஆனால் பற்றிக்கொள்வதற்குக் கற்பூரத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. முக்கியக் காரணம் அந்த நைட்ரேட். வெடிபஞ்சு இதற்கு நெருங்கிய சொந்தம்.

பிளாஸ்டிக் அழியவே அழியாது என்ற பேச்சு இந்த முதல் தலைமுறைக்குப் பொருந்தாது. செல்லுலாய்டு தானாகவே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். டர்பன் காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். சிமிழில் பச்சை பூத்தது அந்த அமிலத்தால். மூடிய பெட்டிக்குள் வாயு வெளியேற வழியில்லாததால் சிதைவு இன்னும் வேகமாகும்.

ஆகவே சீப்பை இன்றே தனியாக எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அமிலமில்லாத தாளில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், குளிர்ச்சியான இருட்டில், அடுப்பும் குத்துவிளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டக் கூடாது. தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணும் ஆகாது. விரிசல் விட்டு உதிரத் தொடங்கினால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதே என் யோசனை; ஆனால் எரிக்காதீர்கள், அபாயக் கழிவாக எப்படி ஒப்படைப்பது என்று மாநகராட்சியில் கேளுங்கள்.

வளையல்களை மட்டும் வெந்நீர்க் குழாயில் சில நொடி காட்டி முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பு மாதிரி காட்டமான வாசம் வந்தால் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கின் குடும்பம்; வெள்ளையாகச் செய்தவையும் காலப்போக்கில் இப்படி வெண்ணெய் நிறமாகும். பால் தீய்ந்த வாசம் வந்தால் பால்புரதமான கேசினில் செய்தது. நீரில் ஊறினால் உப்பிவிடும், உடனே துடைத்துவிடுங்கள். புளிக்காடி நெடி வந்தால் செல்லுலோஸ் அசிடேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்; அதையும் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கற்பூர வாசமென்றால் சீப்புக்குச் சொன்னதேதான்.

ரேடியோ பெட்டி பெரும்பாலும் பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க் அருகே யாங்கர்ஸில் குடியேறிய லியோ பேக்லாண்ட் தேடியது அரக்குக்கு மாற்று. இந்தியாவில் பூச்சி தரும் அரக்கைத்தான் அப்போது மின்கம்பி வேலைக்கும் பூசிக்கொண்டிருந்தார்கள். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சூட்டிலும் அழுத்தத்திலும் இணைத்து 1907இல் அவர் கண்டது, இயற்கைப் பொருள் எதையும் மூலமாகக் கொள்ளாத முதல் பிளாஸ்டிக். ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, மின்சாரம் கடத்தாது. ரேடியோவுக்கு வேறென்ன வேண்டும்! வலுவுக்காக மரத்தூள் கலப்பார்கள், சிலவற்றில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. அதனால் துளை போடுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் வேண்டாம். லேசாக ஈரமான துணியால் துடைத்தால் போதும்.

பிளக்கில் மட்டும் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே கம்பிகளின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும்; பழைய வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்த பிறகு பாட்டுக் கேட்கலாம். பச்சை பூத்த சிமிழை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சீப்பு இல்லாத வேறு அலமாரியில் வையுங்கள்.