தோல் உரித்த மீனுக்குப் பெயர் ஏது? – கேள்வி பதில்

ஒரு மீன் துண்டு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று மரபணுவைப் படித்துச் சொல்வது என் தொழில். பெயர் மாற்றி விற்கப்படும் மீன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். சமையல் குறிப்பு மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: வாங்கும்போதே போலியைக் கண்டுபிடிக்க முடியுமா?

முழு மீன் என்றால் முடியும். துடுப்பு, செதில், வாயின் அமைப்பு எல்லாம் சாட்சி சொல்லும். தோல் உரித்து முள் எடுத்த வெள்ளைத் துண்டு என்றால் முடியாது. இருபது வருடமாக இதே வேலையில் இருக்கும் எனக்கும் முடியாது. அதனால் தோல் உரித்த துண்டு வாங்காதீர்கள். இதை இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோதனையில் அப்படி என்ன பார்க்கிறீர்கள்?

நல்ல கேள்வி. உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ. என்றொரு மரபணு இருக்கிறது. அதில் சுமார் 650 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி, ஒரே இனத்துக்குள் பெரும்பாலும் ஒத்துப்போகும்; இனம் மாறினால் மாறிவிடும். இதை எல்லா விலங்குகளுக்கும் அடையாளப் பட்டையாக வைத்துக்கொள்ளலாம் என்று 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட்டின் குழு முன்வைத்தது. கட்டைவிரல் நகத்தளவு சதை போதும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. சூரை மீன் வகைகளில் சில, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு. இந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்து அவற்றைப் பிரிப்பது கஷ்டம். டப்பாவில் அடைத்த மீனில் சூட்டினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும், அதற்குக் குட்டிப் பகுதிகளைத்தான் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம்: இந்தச் சோதனை இனத்தைச் சொல்லும், எந்தக் கடலில், எந்த வலையில் பிடித்தது என்று சொல்லாது. பெரிய பொய்கள் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கின்றன.

கேள்வி: மூன்றில் ஒரு மீன் போலி என்கிறார்களே?

ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் 1,215 மாதிரிகளைச் சோதித்து 2013இல் வெளியிட்ட கணக்கு அது. 33 சதவீதம் தவறான பெயரில் இருந்தன. ரெட் ஸ்னாப்பர் என்று விற்ற 120 மாதிரிகளில் உண்மையான ரெட் ஸ்னாப்பர் வெறும் 7. கணக்கு சரிதான். ஆனால் ஏமாற்று நடக்கும் என்று சந்தேகம் உள்ள இனங்களைத் தேடிப்போய் எடுத்த மாதிரிகள் அவை. அதை வைத்து உலகத்தில் விற்கும் மீனில் மூன்றில் ஒன்று போலி என்று சொல்லக் கூடாது. சொல்கிறார்கள், என்ன செய்ய.

கேள்வி: விலை உயர்ந்த அரிய மீனின் பெயரில், ஏராளமாகக் கிடைக்கும் மலிவான மீனை விற்கிறார்கள். அப்படியானால் அரிய மீன் தப்பிக்கிறதே? கடலுக்கு இது நல்லதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாற்றி விற்கப்படும் மீன், சராசரியாகப் பார்த்தால், சீட்டில் எழுதிய மீனை விட அழியும் ஆபத்து குறைந்தது என்று 2017இல் ஓர் ஆய்வே வந்தது.

இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மீன் அருகிப்போனால் சந்தை அதை எப்படி உணரும்? வரத்து குறையும், விலை ஏறும், ஆட்கள் 'ஏன்' என்று கேட்பார்கள். போலி இருக்கும் வரை அந்தப் பெயருள்ள மீன் தட்டில் தீர்வதே இல்லை. கடலில் தீர்ந்திருக்கும். தட்டைப் பார்த்துப் பழகியவரிடம் போய் 'இந்த மீன் குறைந்துவிட்டது' என்றால் சிரிப்பார்.

கேள்வி (மேலே கேட்ட அதே அன்பர்): இது ஊகம். ஆய்வு என் பக்கம் இருக்கிறது.

சராசரி உங்கள் பக்கம் இருக்கிறது. சராசரிக்கு வெளியே இருப்பதைப் பாருங்கள். பிரிட்டனில் 'ராக்', 'ஹஸ்' என்ற பொதுப்பெயரில் பொரித்துத் தருவதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் முள் நாய்ச்சுறா. ஐரோப்பியக் கடல்களில் அழியும் ஆபத்தில் உள்ளதாக அப்போது பட்டியலிடப்பட்டிருந்த இனம் அது. தின்றவர்களில் எத்தனை பேருக்கு அது சுறா என்றே தெரிந்திருக்கும்? இங்கே பெயர், ஆபத்தில் உள்ள மீனை மறைக்கிறது. ஐரோப்பிய விலாங்கு கதையும் இதேதான். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அதை அனுப்பத் தடை. அப்புறமும் வேறு விலாங்கின் பெயரில் உலகச் சந்தையில் வந்துகொண்டே இருக்கிறது.

கேள்வி: எலுமிச்சை பிழிந்தால் போலி மீன் நிறம் மாறுமாமே?

மாறாது.

கேள்வி: செவுள் சிவப்பாக இருந்தால் நம்பலாமா?

அது மீன் புதிதா பழையதா என்பதற்கு. பெயருக்கு அல்ல.

கேள்வி: உறைய வைத்த துண்டு வாங்கலாமா?

தோல் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் பதில்.

கேள்வி: உடம்புக்கு ஆபத்து உண்டா?

சில மீன்களில் உண்டு. 'வெள்ளைச் சூரை' என்ற பெயரில் எஸ்கலார் மீனை விற்பது வழக்கம். அதன் சதையில் இருக்கும் மெழுகுக் கொழுப்பு நமக்குச் செரிக்காது. கொஞ்சம் அதிகம் தின்றால் எண்ணெயாக வெளியேறும், மேற்கொண்டு விவரிக்கவில்லை. ஜப்பானில் அதை விற்கத் தடை. 2007இல் அமெரிக்காவில் மாங்க்ஃபிஷ் என்று எழுதிய பெட்டிகளில் நச்சுள்ள பேத்தை மீன் வந்து ஆட்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். யாருக்காவது தின்ற பிறகு உதடு மரத்துப்போனால் என்னிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி (மறுபடியும் அந்த அன்பர்): நீங்கள் சொல்வதெல்லாம் கடை வாசலில் நடக்கும் ஏமாற்று. அதனால் கடலில் மீன் எப்படிக் குறையும்?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, கடை வாசலை விட்டுத் துறைமுகத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் கார்லோஸ் ரஃபேல் என்று ஒருவர், ஒரு பெரிய படகுக் கூட்டத்தின் முதலாளி. காட், தட்டை மீன்கள் எல்லாவற்றுக்கும் பிடிக்கும் அளவு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஹாடக் மீனுக்கோ ஒதுக்கீடு தாராளம். எதைப் பிடித்தாலும் பதிவேட்டில் 'ஹாடக்' என்று எழுத வைத்தார். இப்படிப் பொய்ப்பெயரில் போனது சுமார் 355 டன். 2016இல் கைது, 2017இல் 46 மாதச் சிறை.

இப்போது கடலில் மீன் இருப்பைக் கணக்கிடும் ஆய்வாளரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு காட் பிடிக்கலாம் என்பதை, இந்த ஆண்டு கரைக்கு வந்த காட் எவ்வளவு, அதன் வயது என்ன என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறோம். செத்த மீன் கணக்கில் வரவில்லை. கணக்குப்படி அது இன்னும் கடலில் நீந்துகிறது, முட்டை வேறு இடுகிறது. பேலன்ஸ் தப்பாகக் காட்டும் வங்கிப் புத்தகத்தை நம்பிச் செலவு செய்வது மாதிரி. பொய்க்கணக்கில் இறங்கிய மீன் சந்தையில் விற்க வேண்டுமே, அதற்கு இடைவழியில் ஒரு பொய்ப்பெயரோ பெயர் கேட்காத ஆளோ வேண்டும். உங்கள் கடை வாசல் இங்கேதான் வந்து சேர்கிறது.

கேள்வி: ஒழுங்காகப் பிடிக்கும் மீனவருக்கு என்ன நஷ்டம்?

நேரடி நஷ்டம். அவர் பெரிய கண் வலை போட்டு, தடைக்காலம் காத்து, குறைவாகப் பிடித்து வருகிறார். அந்தச் செலவை விலையில் எடுக்க வேண்டும். அதே பெயரில் பாதி விலை மீன் பக்கத்தில் இருந்தால் யார் வாங்குவார்?

கேள்வி: சான்று முத்திரையை நம்பலாமா?

பெயர் விஷயத்தில், ஓரளவு. கடல்வளம் கெடாமல் பிடித்த மீன் என்று சான்று தரும் எம்.எஸ்.சி. அமைப்பின் முத்திரை உள்ள 1,402 பொருள்களைச் சோதித்ததில் தவறான பெயர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 2019இல் வந்தது. படகிலிருந்து கடைவரை ஒவ்வொரு கையிலும் தனிக் கணக்கு கேட்பதன் பலன். அந்த மீன்பிடிப்பு உண்மையிலேயே கடலுக்கு நல்லதா என்பது வேறு சண்டை, இன்று வேண்டாம்.

கேள்வி: சட்டமே பெயரை மாற்றினால்?

மாற்றியிருக்கிறது. பட்டகோனியன் டூத்ஃபிஷ் என்ற பெயரில் யாரும் வாங்கவில்லை. 1977இல் ஒரு வணிகர் 'சிலியன் சீ பாஸ்' என்று பெயர் சூட்டினார். அது பாஸ் மீனே இல்லை. 1994இல் அமெரிக்க அரசும் அந்தப் பெயரை ஏற்றது. பெயர் எடுபட்டது, 1990களில் தெற்குக் கடல்களில் திருட்டு மீன்பிடிப்பு தலைவிரித்தாடியது. ஆகவே அறிவியல் பெயர் கேளுங்கள். ஐரோப்பாவில் 2013 விதிமுறைப்படி கடை மீனுக்கு அறிவியல் பெயர், பிடித்த பகுதி, வலை வகை எல்லாம் எழுத வேண்டும். உணவகத் தட்டுக்கு அந்த விதி கிடையாது.

கேள்வி: உறைபெட்டியில் ஒரு துண்டு இருக்கிறது. படம் அனுப்பினால் என்ன மீன் என்று சொல்வீர்களா?

தோல் இருக்கிறதா?

கேள்வி: இல்லை.

அனுப்ப வேண்டாம்.