ஒரு வரியில் போன ஜூலை

வணக்கம் சார்,

அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. 1979-இல் தமிழ்நாடு வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2013-இல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. ஆபீஸ் போனார், வந்தார், எங்களைப் படிக்க வைத்தார், அக்காவுக்குக் கல்யாணம் செய்தார். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடக்காத வாழ்க்கையைப் பற்றி என்ன சார் எழுதுவது? எழுதியதை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

நாலு பக்கத்தையும் படித்தேன். 'கண்ணியம்' மூன்று முறை, 'கடமை' ஐந்து முறை வருகிறது. ஓய்வு பெறும் நாளில் சங்கத்துக்காரர்கள் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பீர்கள், பார்த்துக்கொண்டே எழுதினீர்களோ என்றுகூடத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பாவைப் பற்றி நானும் முதலில் இப்படித்தான் எழுதினேன்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது. '2003 ஸ்டிரைக்கில் அப்பாவுக்கு வேலை போய்த் திரும்பக் கிடைத்தது, அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.' அடுத்த வரியிலேயே அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்?

ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. வருவாய்த் துறைக்காரர்களுக்கு ஜூலை 1 தான் வருடப் பிறப்பு. அவர்கள் கணக்கு ஆண்டான பசலி 1413 பிறந்த மறுநாள் உங்கள் அப்பா ஆபீஸ் போகவில்லை. 4-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்ற தீர்ப்பு ஆகஸ்ட் 6-ஆம் தேதி வந்தது.

இவ்வளவும் ஊரறிந்த கதை. அந்த மன்னிப்புக் கடிதத்தை உங்கள் அப்பா எப்படி எழுதினார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அப்போது அவருக்கு 48 வயது இருக்கும். 'பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது', 'பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்றெல்லாம் 24 வருடம் எழுதிப் பழகிய கை. அதுவரை பணிவு என்பது நடையில் ஒரு சம்பிரதாயம். அன்றைக்கு அதை நிஜமாகவே எழுத வேண்டி வந்திருக்கிறது.

வருவாய்த் துறையில் இருந்தவர் நகல் எடுக்காமல் ஒரு காகிதத்தைக் கொடுத்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். பீரோவில் பத்திரம், எல்.ஐ.சி. பாலிசியோடு டேக் போட்டுக் கட்டிய கட்டு ஒன்று இருக்கும், பாருங்கள். அவர் சொல்லாமல் வைத்ததை நாம் எழுதலாமா என்று தோன்றும். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் வேண்டாம் என்று நினைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாரே. தேடிக் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் அவரைப் பற்றிய செய்திதான்.

அப்புறம், பணிப்பதிவேட்டின் நகல் இருந்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள். உயரம், அங்க அடையாளங்கள், இடது கை விரல் ரேகைகள் எல்லாம் இருக்கும். என் அப்பா பனியன் இல்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. அவருடைய வலது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது, கடைசியாகக் குளிப்பாட்டிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்து காகிதங்களைப் புரட்டும்போது பதிவேட்டில் அதே மச்சம். நான் பிறப்பதற்கு முன்னாலேயே யாரோ ஒரு எழுத்தர் நீல மையில் குறித்து வைத்திருக்கிறார். சிரிப்புத்தான் வந்தது. 'வருசா வருசம் கருவூலத்துக்குப் போயி, உயிரோடதான் இருக்கேன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்' என்று சொல்கிற மனிதர், இதையும் ரசித்திருப்பார்.

மாறுதல்கள் பற்றி நீங்கள் எழுதியிருப்பது போதும். ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்க வேண்டியதில்லை, நடுவருடத்தில் பள்ளிக்கூடம் மாறிய அந்த ஒரு ஊரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகான வருடங்களை நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பட்டா மாறுதல் மனு எழுதிக் கொடுத்தது உட்பட. அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் அம்மாவிடம் உட்காருங்கள். அந்த ஜூலையில் பால்காரருக்கும் மளிகைக்கும் என்ன சொன்னார்கள், யாரிடம் கைமாற்று வாங்கினார்கள், உங்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டிரைக் பற்றிக் கேட்டால் 'அதெல்லாம் எதுக்குப்பா இப்ப' என்று எழுந்து போய்விடுவார்கள். வேலை இல்லாத அந்த நாட்களில், தினமும் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்துக்கு அப்பா வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.